பொட்டுக்குப் பக்கத்து எழுத்து

சாமி கும்பிடாதவள் நான் என்பது பாயான் பாரு ஃப்ளாட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் ஒரு கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினேன். கடைக்குள் தங்கராஜு நின்றிருந்தான். நான்கு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த முகம். "என்னம்மா, கடையப் பாத்து கும்புடுற?" என்று என் மகள் தமயந்தி கேட்டாள். "ஒண்ணுமில்ல, வா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினேன்.

நாங்கள் லேப்டாப் வாங்கப் போயிருந்தோம். அது 1996. தமயந்திக்கு யூனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. பதிவுக்குப் பதினாறு நாள் இருந்தது. என்னிடம் இருந்ததோ இரண்டாயிரத்து நானூறு வெள்ளி. காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைக் கட்டி விற்றுச் சேர்த்தது. எங்கள் தீவின் பெரிய கடைக் கட்டடமான கொம்தாரில் புதுசு விலை கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறாயிரத்துக்குக் கீழே பேச்சே இல்லை. ஒரு சீனக் கடைக்காரர் நல்ல மனுஷர், "இந்தக் காசுக்கு மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டரை வாங்குங்கள், உருப்படியாகக் கிடைக்கும்" என்று மலாயில் சொன்னார்.

"அவரு சொல்றது சரிதாம்மா. அதே காசுக்கு ரெண்டு மடங்கு நல்ல மெஷின் கெடைக்கும்" என்றாள் தமயந்தி.

"அப்ப அதையே வாங்குலா."

"ஹாஸ்டல் ரூம்ல மூணு பேரு, மேச சின்னது. சனி ஞாயிறு நான் வீட்டுக்கு வந்து ஒனக்கு நாசி லெமாக் கட்டணும். அத்தாம் பெரிய டிவிய பஸ்ல தூக்கிட்டு வர முடியுமா?"

முடியாது. ஆகவே பழைய லேப்டாப்தான் என்று முடிவானது. அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 486 இருக்க வேண்டும். மெமரி எட்டு மெகாபைட்டுக்குக் குறையக் கூடாது. கலர் ஸ்க்ரீன் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, ஒயர் போட்டுக்கொள்ளலாம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று என் மகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. யூனிவர்சிட்டி போகும் இந்தியப் பிள்ளைகளுக்குச் சலுகை விலையில் லேப்டாப், ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். அதை நம்பித்தான் இரண்டு பஸ் மாறிப் போனோம்.

தங்கராஜு யாரென்று இப்போது சொல்லிவிட வேண்டும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1992 வரைக்கும் நான் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தேன். பதினோரு வருடம். கம்ப்யூட்டருக்குள் போடுகிற மெமரி சிப் செய்கிற இடம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான கறுப்புத் துண்டு, இரண்டு பக்கமும் வெள்ளிக் கால்கள். அதைச் சூட்டு அடுப்பில் வைத்து எடுத்து மெஷினில் சோதிப்பார்கள். சும்மா இருக்கும்போது நன்றாக வேலை செய்து, சூடானதும் செத்துப்போகிற சிப்கள் உண்டு. அவை என் தட்டில் வந்து விழும். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பது என் வேலை. புள்ளி வைத்துவிட்டால் அது ரிஜெக்ட், நொறுக்கப் போய்விடும். தமிழ்ப் பெண்கள் நாங்கள் அதைப் பொட்டு என்போம். நாளடைவில் லைன் முழுக்க அதே பேச்சு. சீன டெக்னீஷியன்கூடக் கெட்டுப்போன சிப்பைத் தூக்கிக் காட்டி, "இனி சுடா பொட்டு" என்று மலாயும் தமிழுமாகச் சொல்வான், இதற்குப் பொட்டு வைத்தாயிற்று என்று.

ஒரு நாள் நல்ல சிப் தட்டில் நாலைந்து துண்டுகளின் ஓரத்தில் சிவப்புக் கறை பார்த்தேன். யாரோ தின்னர் போட்டு என் பொட்டைத் துடைத்திருந்தார்கள். கெட்டது நல்லதோடு கலந்து போனால் திட்டு வாங்குவது நான். எனக்கு ஆத்திரம் வந்தது. மை துடைத்தால் போகும், கீறல் போகாது. அன்றிலிருந்து லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்து, பொட்டுக்குப் பக்கத்தில் ட்வீசர் முனையால் ஓர் எழுத்துக் கீற ஆரம்பித்தேன். என்ன எழுத்து என்று யோசிக்கவே இல்லை. கெட்ட சிப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் வாய் தானாகச் சொல்லுவதுதான். 'சீ'. தமிழ் ஸ்கூலில் ஆறாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். எள்ளளவு இடத்தில் சுழியோடு அழகாக எழுதுவேன்.

பொட்டைத் துடைக்கிறார்கள் என்று நேராகப் போய் எங்கள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவன்தான் தங்கராஜு. இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவன், எங்களை மட்டும் 'டமில் ஸ்கூல்' என்று கூப்பிடுவான். "குட், வடிவு. நா பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். ஐந்தாம் நாள் வேலை முடிந்து போகும்போது கேட்டில் காவலுக்கு நின்ற கார்டு என் பையைத் திறந்தான். சோற்று டப்பாவுக்குக் கீழே இரண்டு வரிசை சிப் இருந்தது. பொட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் என் 'சீ' மட்டும் இருந்தது.

மறுநாள் விசாரணை. வெள்ளைக்கார மேனேஜர், தங்கராஜு, எங்கள் லைன் சார்பில் சாட்சியாக என் தோழி ஹாஜரா. ஹாஜரா வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலாய் ஸ்கூல். தமிழ் எழுத்து தெரியாது. நான் மேசையைத் தட்டிச் சொன்னேன்: "இது என் எழுத்து. கெட்டதுன்னு நானே எழுதி வெச்சத நானே எதுக்கு சார் திருடறேன்? இன்னும் எவ்வளவோ காணாமப் போயிருக்கு. இந்த எழுத்து போட்ட சிப் எவன்கிட்ட இருக்கோ, அவந்தான் திருடன்." மேனேஜர் லென்ஸைத் தங்கராஜுவிடம் கொடுத்தார். நீ தமிழன்தானே, இது தமிழ் எழுத்தா, பார்த்துச் சொல் என்றார். அவன் பார்த்தான். இப்படித் திருப்பினான், தலைகீழாகத் திருப்பினான். "நோ சார். ஜஸ்ட் ஸ்க்ராட்ச்" என்றான்.

அவ்வளவுதான். மூன்று மணி ஷிஃப்ட் மாறுகிற நேரம் பார்த்து, இரண்டு கார்டுகள் நடுவில் என்னை கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஆயிரம் பேர் பார்த்தார்கள். புருஷன் செத்து எட்டு வருடம் ஆனவள், ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்த்தவள், ஃப்ளாட்டில் 'சிப்பு திருடி' ஆனேன். அப்போது பதினைந்து வயது தமயந்திக்கு. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் சில பிள்ளைகள் பென்சில் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதை அவள் என்னிடம் இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அதே ஃபேக்டரி பஸ் நிற்கிற இடத்தில்தான் நாசி லெமாக் விற்க உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான். வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து வாங்கட்டும் என்று. தங்கராஜு அடுத்த வருடமே வேலையை விட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது தெரிந்தது. ஏர்கான் போட்ட கடை, கழுத்தில் டை, போர்டில் இங்கிலீஷில் மட்டும் பெயர். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஃபேக்டரியில் நாங்கள் தொப்பியும் முகமூடியுமாக இருப்போம், கண் மட்டும்தான் தெரியும். நாலு வருட வெயிலில் நான் கறுத்துப் பருத்தும் போயிருந்தேன்.

"வாங்கக்கா, ஒக்காருங்க. மம்மிக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நீ கேளு" என்று தமயந்தியிடம் திரும்பினான். சாம்பல் நிற லேப்டாப் ஒன்றைத் திறந்து வைத்தான். "486. எயிட் மெகாபைட். ரெண்டாயிரத்து எரநூறு. ஸ்டூடண்ட்டுக்காக வெல கொறச்சு மூராவா குடுக்கறேன்."

தமயந்தி நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவள் ஏதோ தட்டிப் பார்த்தாள், நன்றாகத்தான் ஓடியது. அவள் முகத்தில் ஆசை தெரிந்தது. நான் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து அறையலாமா என்றுதான் யோசனை. ஓர் இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். ஸ்க்ரீன் அப்படியே உறைந்துவிட்டது.

"விண்டோஸ் அப்படித்தான்லா, ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடும்" என்றான்.

ஆஃப் செய்து போட்டான். ஐந்து நிமிடத்தில் மறுபடி உறைந்தது. லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. பதினோரு வருடம் பார்த்த வேலை கைக்கு மறக்குமா? சும்மா இருக்கும்போது நல்லவன், சூடானால் செத்துவிடுவான்.

"உள்ள மெமரி எப்படி இருக்குன்னு தொறந்து காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

தங்கராஜு சிரித்தான். "கமால், அக்காவுக்குத் தொறந்து காட்டு" என்று ரிப்பேர் பார்க்கும் ஆளிடம் சொல்லிவிட்டு அடுத்த கஸ்டமரிடம் போனான். கமால் அடிமூடியைக் கழற்றி, கூடுதலாகச் செருகியிருந்த மெமரி அட்டையைக் காட்டினான். எட்டு சிப். அவன் மேசைமேல் இருந்த லென்ஸை வாங்கி வைத்துப் பார்த்தேன்.

முதல் சிப்பின் மூலையில் 'சீ'. இரண்டாவதில் 'சீ'. எட்டிலும் என் கையெழுத்து, சுழி மாறாமல்.

சந்தோஷம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. தமயந்தி பிறந்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, திருப்தியா?" என்றான் தங்கராஜு.

"ரொம்ப அழகா இருக்கு சார். இதே மெஷின்தான் வேணும். சனிக்கிழமை வந்து எடுத்துக்கறோம். எரநூறு அட்வான்ஸ் வாங்கிக்குங்க."

ரசீது போடும் மேசையில் அவன் மனைவி இருந்தாள். பத்மாவதி என்று பெயர். பேரைக் கேட்டாள், தமயந்தி என்றோம், தமிழிலேயே எழுதிவிட்டாள். நல்ல முத்து முத்தான எழுத்து. தங்கராஜு எட்டிப் பார்த்து ரசீதைப் பிடுங்கிக் கிழித்தான்.

"இங்கிலீஷ்ல எழுதுன்னு எத்தன தடவ சொல்றது? இந்தக் கொக்கியெல்லாம் எவனுக்குப் படிக்கத் தெரியும்? எனக்கே தெரியாது. டமில் ஸ்கூல் படிச்சதக் கட்டிக்கிட்டா இதான்" என்று எங்களைப் பார்த்தும் சிரித்தான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வேறு ரசீது எழுதினாள்.

எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துபோயிற்று. விசாரணையில் அவன் பொய் சொன்னான் என்றே நான்கு வருடமும் நினைத்திருந்தேன். அவனுக்குத் தமிழ் படிக்கவே தெரியாது! தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, எழுத்தே இல்லை என்று சொல்லியிருக்கிறான். சொன்னதை அவனே நம்பியும் இருக்கிறான். நான் கீறியது எழுத்து என்று தெரிந்திருந்தால், திருடிய சிப்பை எல்லாம் அன்றைக்கே கடலில் கொட்டியிருப்பான். வெறும் கீறல் என்று நம்பியதால்தான் பத்திரமாக வைத்திருந்து, இன்று ஊரான் பிள்ளைகளின் மெஷினில் செருகிக்கொண்டிருக்கிறான்.

பஸ்ஸில் தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப அந்த மெஷின் பொட்டு வெச்சதுன்னு தெரிஞ்சும் எரநூறு வெள்ளி கட்டுன. நமக்கு லேப்டாப் வாங்கப் போனியா, சண்ட வாங்கப் போனியா?"

"ரெண்டுந்தான்."

"சண்ட போட்டா அட்வான்ஸ் திரும்பாது. பதினாறு நாள்ல வேற மெஷின் எங்கம்மா தேடறது? எனக்குப் படிப்பு முக்கியம்மா. நாலு வருஷமா அவனப் பத்தியே பேசிப் பேசி நம்ம வீட்ல அவனும் ஒரு ஆளா இருக்கான்."

அவள் சொன்னது சுட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிடம் லேப்டாப்பைவிட எனக்கு அவன் தலைகுனிவுதான் வேண்டியிருந்தது. மகளிடம் அதை மறைக்கவில்லை. "ஒனக்கு மெஷின் வாங்கித் தரேன், அது என் பொறுப்பு. ஆனா இவன விடமாட்டேன்" என்றேன்.

அன்று மாலையே ஹாஜராவைத் தேடிப் போனேன். அவள் இன்னும் அதே ஃபேக்டரியில், இப்போது க்வாலிட்டி பிரிவில் லீடர். என்னிடம் தினமும் நாசி லெமாக் வாங்குவாள், ஆனால் என் கண்ணைப் பார்க்கமாட்டாள். விசாரணையில் வாயைத் திறக்காத குற்றம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. சிப்பின் மேல் அச்சடித்திருந்த எண்ணை நான் மனப்பாடமாகச் சொன்னேன். 9214. தொண்ணூற்றிரண்டாம் வருடம், பதினாலாவது வாரம்.

"அந்த வாரத்து ரிஜெக்ட் மொத்தத்தையும் நொறுக்கியாச்சுன்னு ஃபைல்ல இருக்கு வடிவக்கா. கையெழுத்து போட்டது தங்கராஜு சார்" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சனிக்கிழம என்கூட வந்து அத மட்டும் சொல்லு."

"எனக்கு வேல போயிரும்க்கா."

"எனக்குப் போச்சே ஹாஜரா. நீ பாத்துக்கிட்டுதான இருந்த?"

அவள் அழுதாள். நான் தேற்றவில்லை. வருகிறேன் என்று அவள் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை ஹாஜராவையும் கூட்டிக்கொண்டு போனோம். கடையில் நல்ல கூட்டம். யூனிவர்சிட்டி போகிற பிள்ளைகளும் அப்பா அம்மாக்களுமாகப் பத்துப் பதினைந்து பேர். அதற்காகத்தான் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன். தங்கராஜு எங்கள் லேப்டாப்பைத் துடைத்துப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தான். நான் அதை வெளியே எடுத்து, கவுன்டர் கண்ணாடிமேல் கவிழ்த்துவைத்து, கமாலை அடிமூடியைக் கழற்றச் சொன்னேன். அட்டையை எடுத்து லென்ஸோடு நீட்டினேன்.

"தங்கராஜு, இதுல என்ன எழுதியிருக்கு, படி."

பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டதும் கடையே திரும்பிப் பார்த்தது. அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். அவன் பார்வை என் கண்ணில் வந்து நின்றது. முகமூடிக்கு மேலே பதினோரு வருடம் பார்த்த கண்.

"வடிவு?" என்றான்.

"படின்னேன்."

லென்ஸை வாங்கினான். பார்த்தான். இப்படித் திருப்பினான், தலைகீழாகத் திருப்பினான். அதே கை, அதே திருப்பல். "என்னாலா இது, வெறும் ஸ்க்ராட்ச்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"இதே பதிலத்தான் அன்னிக்கு மேனேஜர்கிட்டயும் சொன்னீங்க. நானும் பக்கத்துல இருந்தேன்" என்றாள் ஹாஜரா. "இந்த சிப்பு எங்க ஃபேக்டரி ரிஜெக்ட். வித்ததே இல்ல. எல்லாத்தையும் நொறுக்கியாச்சுன்னு இவருதான் கையெழுத்து போட்டாரு."

கூட்டத்தில் சலசலப்பு. ஒருவர் தன் மகனுக்கு வாங்கிய பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். தங்கராஜு சட்டென்று என் பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, உள்ள வாங்க, பேசுவோம். பாப்பாவுக்குப் புது பென்டியம் தரேன். காசே வேணாம்" என்றான் காதோடு.

புது பென்டியம். ஏழாயிரம் வெள்ளி. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி என் கண் தமயந்தியைத் தேடியது. படிப்பு முக்கியம் என்றவள் அவள்தானே. அவளுக்கும் அது காதில் விழுந்திருந்தது.

"எல்லாரும் கேளுங்க" என்று என் மகள் சத்தமாகச் சொன்னாள். "வாய மூடிக்கிட்டா எனக்குப் புது மெஷின் தராராம். எனக்கு வேணாம் அங்கிள். எங்கம்மா பையில சிப்ப வெச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "பொய்ங்க. இதுங்க வம்பு பண்ண வந்துருக்குங்க. அது எழுத்தே இல்ல" என்றான்.

"குடுங்க, நான் பாக்கறேன்."

பத்மாவதி ரசீது மேசையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். அவன் தடுக்கப் பார்த்தான், அவள் அவன் கையை விலக்கிவிட்டு லென்ஸை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிப்பதுபோல வாய்விட்டுப் படித்தாள்.

"சீ."

அடுத்த சிப்புக்கு நகர்ந்தாள். "சீ." அதற்கடுத்து. "சீ." எட்டையும் விடாமல் படித்து முடித்தாள். யாரோ ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"எட்டுலயும் 'சீ'ன்னு எழுதியிருக்கு. சுத்தமான தமிழ் எழுத்து. யாரு எழுதுனது?" என்று கேட்டாள் பத்மாவதி.

"நாந்தாம்மா. கெட்ட சிப்பு ஒவ்வொண்ணுலயும் எழுதுனேன். என் பையில ரெண்டு வரிசைய வெச்சு என்னத் திருடின்னு கேட்டுக்கு வெளிய தள்ளுனாங்க. மிச்சம் எவன்கிட்ட இருக்கோ அவந்தான் திருடன்னு அன்னிக்கே சொன்னேன்."

அவள் கடைக்குப் பின்னால் போனாள். "பத்மா, ஏய் பத்மா" என்று தங்கராஜு பின்னாலேயே ஓடினான். அவள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்து, கவுன்டர்மேல் கவிழ்த்தாள். கறுப்புச் சிப்கள் கண்ணாடிமேல் கொட்டின. ஐந்நூறு இருக்கும், அறுநூறு இருக்கும். சிலவற்றில் என் சிவப்புப் பொட்டுகூட இன்னும் அழியாமல் இருந்தது.

"போனஸுக்குப் பதிலா ஃபேக்டரில குடுத்தாங்கன்னு சொன்னீங்க" என்றாள் புருஷனிடம். ஒரு சிப்பை எடுத்து லென்ஸில் பார்த்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பார்த்தாள், வைத்தாள். நாலாவதோ ஐந்தாவதோ பார்த்த பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டாள். தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கொக்கி எழுத்து, கொக்கி எழுத்து என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

"சீ" என்றாள்.

இந்தத் தடவை அவள் எதையும் படிக்கவில்லை.

தங்கராஜுவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நான் இன்றுவரை தினமும் ஒரு முறை நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். யாருக்காவது அது பாவமாகப் பட்டால் அது அவர்கள் நல்ல மனசு. எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்றுதான் இருந்தது.

எங்கள் அட்வான்ஸைப் பத்மாவதியே எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் அவனை மொய்த்துக்கொண்டது. கையில் பையோடு நின்றவர்களுக்கு நான்தான் மூடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து, எது நல்லது எது பொட்டு வைத்தது என்று பார்த்துச் சொன்னேன். பொட்டு வைத்தது ஏழு. ஏழு பேரும் காசைத் திருப்பி வாங்காமல் கடையை விட்டு நகரவில்லை. ஹாஜரா திங்கட்கிழமை ஒரு கைப்பிடி சிப்பை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவளுக்கு வேலை போகவில்லை. அடுத்த மாதம் ஃபேக்டரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, வருத்தம் தெரிவித்து, வேலைக்குத் திரும்ப வரலாம் என்று. நான் போகவில்லை. மூன்று மணி ஷிஃப்ட் மாறுகிற நேரம் பார்த்து, அதே கேட்டுக்கு முன்னால் நின்று, அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டில் நின்ற கார்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

லேப்டாப்? பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கிடைத்தது. ஊருக்குத் திரும்பும் இஞ்சினியர் ஒருவருடையது, ஹாஜரா சொல்லிவிட்டாள். மூலை உடைந்த 486, பேட்டரி இல்லை, இரண்டாயிரத்து நூறு. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடேற்றி, மூடியைத் திறந்து ஒவ்வொரு சிப்பையும் பார்த்த பிறகுதான் தமயந்தியிடம் கொடுத்தேன். அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, இதுல ஒன் எழுத்து எதுவும் இல்லையே" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

தங்கராஜு கடையை மூடிவிட்டுத் தீவை விட்டே போய்விட்டானாம். பத்மாவதி அவனோடு போகவில்லையாம். எங்கே இருக்கிறான் என்று இப்போது நான் தேடுவதில்லை. எங்கே இருந்தாலும் தமிழில் ஓர் எழுத்து அவனுக்குப் படிக்கத் தெரியும்.